கோயில் கிடாவும் ஆறாவது கேள்வியும்

1. வெந்நி

"அண்ணே, கிடா சோலாரை முட்டி ஒடச்சிருச்சு. டீச்சர் வீட்டுக்குள்ள வெந்நி ஓடுது. வெரசா வாங்கண்ணே!"

தை மாதம், காலை ஏழே முக்கால் மணி. தல்லாகுளத்தில் ஒரு டீக்கடையில் நின்று இரண்டாவது வடையைச் சட்னியில் முக்கிக்கொண்டிருந்தபோது இந்தப் போன் வந்தது. பேசியவர் மலைச்சாமி. வண்டியூரில் ஒரு மாடி வீட்டில் மனைவி, மகளோடு வாடகைக்கு இருப்பவர். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட். அவர் சொன்ன டீச்சர், அதே வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஹவுஸ் ஓனர் ஜெயசீலி டீச்சர். மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டாம் வகுப்பில் எனக்கும் அவர்தான் கணக்கு. எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகியும் அவர் வீட்டு கேட்டைத் திறக்கும்போது, பிரம்படி ஞாபகத்தில் இரண்டு உள்ளங்கையும் தானாக மூடிக்கொள்ளும்.

நான் இருபத்திரண்டு வருடமாக இன்சூரன்ஸ் ஏஜென்ட். உயிருக்குப் போடுகிற ஆள் இல்லை. வீடு, கடை, சாமான், வண்டி இவற்றுக்குப் போடுகிறவன். அந்த வீட்டில் கீழ்த்தளமும் என் கஸ்டமர், மேல்தளமும் என் கஸ்டமர். இப்படிப் போன் வந்தால் ஏஜென்ட் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "பதறாதீங்க, பாலிசி இருக்குல்ல." அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். வடைதான் வெளியே வந்தது.

காரணம், ஆறாவது கேள்வி.

2. ஆறாவது கேள்வி

மலைச்சாமிக்கு நான் பாலிசி போட்டது அதற்கு எட்டு மாதம் முன்பு. வாடகைக்கு இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்பதையே அவரும் கேட்டார்.

"வீடு டீச்சரோடது. இடிஞ்சா அவுகளுக்குத்தானே நட்டம்? எனக்கு எதுக்குண்ணே இன்சூரன்ஸு?"

இதற்கு என்னிடம் ஒரு மினி லாரி உதாரணம் உண்டு. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வீடு காலி பண்ணும்போது மினி லாரியில் ஏறுவதெல்லாம் உங்கள் சாமான். அதற்குப் பாலிசி நீங்கள் போட வேண்டும். லாரியில் ஏறாமல் அங்கேயே நிற்பது கட்டிடம். அது ஓனர் பாடு. அந்த லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வீட்டுக் காம்பவுண்டை இடித்தால், அதன் பெயர் லயபிலிட்டி. உங்களால் அடுத்தவருக்கு நேர்ந்த நட்டம். வாஷிங் மெஷின் குழாய் பிடுங்கிக்கொண்டு கீழ் வீட்டுக்குள் தண்ணீர் இறங்கினால், கீழ் வீட்டுக்காரர் உங்களைத்தான் கேட்பார். மலைச்சாமிக்கு நான் போட்ட பாலிசியில் சாமானும் உண்டு, லயபிலிட்டியும் உண்டு.

இந்த உதாரணத்தை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று, லாரி ரிவர்ஸ் எடுப்பதைக் கையால் நடித்துக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் 'சரக் சரக்' என்று சத்தம். திரும்பினால், கறுப்புக் கிடா ஒன்று நின்றுகொண்டு, நான் சுவர் மேல் வைத்திருந்த விண்ணப்பப் படிவத்தில் பாதியைத் தின்று முடித்திருந்தது.

"ஏப்பா, இது யாரு?"

"கோயில் கிடாண்ணே. எங்க மொறை."

மலைச்சாமிக்கு மேலூர் தாண்டி ஒரு கிராமம். அங்கே அவர்கள் தெருவுக்கு ஆலமரத்து முனியாண்டி காவல் தெய்வம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பங்குனியில் பொங்கல். அதற்கு நேர்ந்துவிட்ட கிடாவைப் பங்காளி வீடுகள் முறை வைத்து வளர்த்து, பொங்கல் அன்று கோயிலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஊரோடு இருந்தவர்கள் தொழுவத்தில் கட்டி வளர்த்துவிட்டார்கள். கடைசி முறை மலைச்சாமிக்கு. அவருக்குத் தொழுவம் என்று இருந்தது டீச்சர் வீட்டு மொட்டை மாடிதான். கழுத்தில் மாலையோடு மினி லாரியில் வந்து இறங்கி, முப்பத்து நாலு படி ஏறியிருக்கிறது. 'ஒரு மாசம்தான் டீச்சர்' என்று மலைச்சாமி அனுமதி வாங்கியிருந்தார்.

நான் பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தேன். நேரம் வேறு ஆகிவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படிவத்தில் இருக்கும் கேள்விகளைக் கஸ்டமரிடம் வாசித்துக் காட்ட மாட்டோம். வீட்டில் பட்டாசு வைத்திருக்கிறீர்களா, இல்லை. முன்பு தீப்பிடித்திருக்கிறதா, இல்லை. இப்படி எல்லாவற்றுக்கும் 'இல்லை'யில் டிக் அடித்துக்கொண்டே ரயில் மாதிரிப் போய், கடைசிப் பக்கத்தில் நின்று "இங்கன ஒரு கையெழுத்து" என்போம்.

ஆறாவது கேள்வி பிராணிகளைப் பற்றியது. அதிலும் 'இல்லை' என்று அடித்தேன். அடித்த நேரத்தில் அந்தக் கிடா என் தோளுக்குப் பின்னால் நின்று, பழைய படிவத்தின் ஆறாவது கேள்வியை மென்றுகொண்டிருந்தது.

3. பதினைந்து எதிரிகள்

வண்டியூருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது டீச்சர் வீட்டு வாசலில் ஆவி பறந்தது.

நடந்தது இதுதான். சோலார் வாட்டர் ஹீட்டரில் பதினைந்து கண்ணாடிக் குழாய்கள் வரிசையாகச் சாய்ந்து இருக்கும். காலை வெயில் அதில் பட்டபோது ஒவ்வொரு குழாயிலும் ஒரு கிடா தெரிந்திருக்கிறது. நம் கிடா பின்னால் நாலடி போய், ஓடி வந்து, பதினைந்து பேரையும் ஒண்டியாக நின்று முடித்துவிட்டது. சோலாரில் இருந்த வெந்நீரும், அதற்கு மேலே இருந்த தொட்டித் தண்ணீரும் மாடியில் கொட்டின. கொட்டியது வழக்கம்போல மழைநீர்க் குழாய் வழியாகத் தெருவுக்குப் போயிருக்க வேண்டும். அந்தக் குழாய் வாயில் எட்டு மாதத்து அகத்திக் குச்சியும் புழுக்கையும் அடைத்திருந்தன. அதனால் தண்ணீர் மனிதர்களைப் போலப் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது.

படிக்கட்டுக்குக் கீழேதான் மெயின் போர்டு. அது 'டப்' என்று வெடித்து, கீழ் வீட்டு ஒயரிங் முழுக்கப் போயிற்று. பக்கத்தில் தரையில் டீச்சருடைய ஆர்மோனியப் பெட்டி. சர்ச்சில் நாற்பது வருடம் பாட்டுக்கு வாசித்த பெட்டி. அதைத் தூக்கிச் சாய்த்தபோது உள்ளிருந்து வெந்நீர் ஊற்றியது.

டீச்சர் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு நின்றார்.

"வாடா சந்திரசேகரா. வருசா வருசம் வந்து பாலிசி பாலிசின்னு அரிச்செடுத்தியே, இப்பச் சொல்லு. யாரு கட்டுவா?"

"கட்டிரலாம் டீச்சர்…"

"யாருன்னு கேட்டேன்."

எட்டாம் வகுப்பிலும் இப்படித்தான். விடையை மட்டும் சொன்னால் விட மாட்டார், வழிமுறை வேண்டும்.

மலைச்சாமி ஓரமாக, முழங்கால் வரை நனைந்து நின்றார். டீச்சர் அவரைப் பார்க்காமலே சொன்னார்: "மலைச்சாமி, ஒரு மாசம்னு சொன்ன கிடா எட்டு மாசமா நிக்குது. நானும் பாவம்னு வாழைப்பழத்தோல் போட்டேன். என் தப்பு. பங்குனி கடைசிக்குள்ள எல்லாத்தையும் பழையபடி பண்ணிக் குடு. முடியலைன்னா வேற வீடு பாத்துக்க."

வெளியே வந்ததும் மலைச்சாமி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். என்னைக் குறை சொல்லவில்லை. கிடாவையும் சொல்லவில்லை.

"பதினோரு வீடு பாத்தோம்ணே. பத்து வீட்டுல மொதல்ல ஊரு கேட்டாங்க. அப்புறம் ஊருல எந்தப் பக்கம்னு கேட்டாங்க. அப்புறம் வீடு காலியில்லன்னுட்டாங்க. டீச்சர் ஒருத்தவுகதான் 'குழாயைச் சொட்ட விடாம மூடுவியா'ன்னு மட்டும் கேட்டு சாவியைக் குடுத்தாங்க. இதை விட்டா மறுபடி அந்தப் பத்து வீட்டு வாசலுக்கும் போகணும்."

நான் "பாத்துக்கலாம் தம்பி" என்றேன். இரண்டு விஷயம் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒன்று, லயபிலிட்டி கிளெய்ம் போட்டால் ஆபீஸில் முதலில் எடுத்துப் பார்ப்பது விண்ணப்பப் படிவத்தை. இரண்டு, அதில் கிடா இல்லை. பொய்த் தகவல் என்று கிளெய்மைத் தள்ளுவார்கள். மலைச்சாமிக்கு வீடு போகும். எனக்கு ஏஜென்சி லைசென்ஸ் போகும்.

4. நான் அமைதியாக இருந்த விதம்

அன்று மதியம் பிரஷர் மாத்திரையை இரண்டு முறை போட்டேன். ராஜினாமாக் கடிதம் ஒன்று எழுதினேன். ஏஜென்ட்டுக்கு ராஜினாமா என்று ஒன்று கிடையாது என்பது எழுதி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. என் மனைவி அதை வாசித்துப் பார்த்தாள்.

"தெனம் நாலு பேருக்குப் பயங்காட்டித்தானே பாலிசி விக்கிறீங்க? இன்னைக்கு உங்களுக்கே வித்துக்கிட்டீங்களாக்கும்."

"நமக்குன்னு ஒரு வீட்டுப் பாலிசி இருந்தா இந்நேரம் தெம்பா இருக்கும்" என்றேன்.

"ஏன், நமக்குப் போடலையா?"

போடவில்லை. நானும் வாடகை வீடுதான். இருபத்திரண்டு வருடமாக மினி லாரி உதாரணத்தை ஊருக்கெல்லாம் சொன்னவன், என் வீட்டுக்கு வந்து ஒருமுறையும் சொன்னதில்லை.

சாயங்காலத்துக்குள் ஒரு திட்டம் பிடிபட்டது. கிடா மலைச்சாமியுடையது, ஆனால் பாலிசி எடுத்த பிறகு வாங்கியது. அப்படி ஒரு கடிதம் அவரிடம் வாங்கிவிட்டால் என் டிக்கும் பிழைக்கும், லயபிலிட்டி கிளெய்மும் செல்லுபடியாகும். சின்னப் பொய்தான். கடிதத்தை நானே டைப் அடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

மலைச்சாமி நின்றபடியே வாசித்தார். பேனாவை வாங்கவில்லை.

"எங் கிடான்னு எழுதியிருக்கீங்கண்ணே."

"ஆமா. நீதானே வளக்குற?"

"வளக்குறேன். எங் கிடா இல்ல. முனியாண்டி கிடா. எனக்குச் சொந்தம்னு எப்படிண்ணே கையெழுத்துப் போட? நாளைக்கு அவரு முன்னால போயி நிக்கணும்ல."

"தம்பி, முனியாண்டி இன்சூரன்ஸ் ஃபைலைப் பாக்க மாட்டாருப்பா!"

"உங்களுக்குத் தெரியாதுண்ணே. அவரு எல்லாத்தையும் பாப்பாரு."

"சரி, சொந்தம்கிறதை விடு. பாலிசிக்கு அப்புறம் வந்துச்சுன்னு மட்டும் எழுது."

"அன்னைக்கு உங்க காயிதத்தையே தின்னுச்சேண்ணே!"

மூன்று நாள் போனேன். மூன்று நாளும் இதே பேச்சு. நாலாவது நாள் டீச்சர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

"டேய் சந்திரசேகரா, எனக்கு அவன் சாமி மேல நம்பிக்கை கெடையாது. ஆனா அவன் பொய் சொல்ல மாட்டான். நீ சின்ன வயசுலயே பக்கத்து பெஞ்சைப் பாத்து எழுதுவ. வீட்டுக்குப் போ."

5. சர்வேயர் கிடாவை அளந்தார்

கடைசியில் அந்தக் கடிதம் இல்லாமலே மலைச்சாமியின் லயபிலிட்டி கிளெய்மைப் போட்டேன். கிளெய்ம் என்று வந்தால் கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்பும். சேதம் எவ்வளவு, எதனால், பாலிசியில் வருமா என்று பார்த்து ரிப்போர்ட் கொடுப்பது அவர் வேலை. எங்களுக்கு வந்தவர் ஒல்லியான மனிதர். சிரித்து நான் பார்த்ததில்லை. கூரை ஓடுகளை எண்ணச் சொன்னால் உடைந்த ஓடுகளையும் திருப்பிப் போட்டு எண்ணுகிறவர்.

குழாய்களை எண்ணினார். மெயின் போர்டைப் படம் எடுத்தார். பிறகு போர்ட்டிகோவில் கட்டிப் போட்டிருந்த கிடாவிடம் போய் டேப் வைத்து உயரம் அளந்தார். போலீஸ் ஸ்டேஷனில் எடுப்பது மாதிரி முன்பக்கம் ஒரு போட்டோ, பக்கவாட்டில் ஒரு போட்டோ. கிடா டீச்சரின் குரோட்டன்ஸ் இலையை மென்றபடி ஒத்துழைத்தது.

"கிடா யாருது?" என்றார்.

நான் மலைச்சாமிக்குப் பின்னால் நின்று கண்ணாலும் புருவத்தாலும் எவ்வளவோ சொன்னேன்.

"ஆலமரத்து முனியாண்டிது சார்" என்றார் மலைச்சாமி.

"அவர் எங்க இருக்கார்?"

"ஊருல சார். கம்மாக்கரையில."

"பேசணுமே. போன் நம்பர்?"

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். மலைச்சாமி பொறுமையாகக் கோயில், நேர்த்தி, பங்காளி முறை எல்லாவற்றையும் சொன்னார். பொங்கல் கமிட்டியின் நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். அதில் கோயில் கிடா வளர்க்கும் முறை வீடு வீடாக அச்சடித்திருந்தது. கடைசிப் பெயர் மலைச்சாமி. சர்வேயர் சிரிக்கவில்லை. அதை இரண்டு முறை வாசித்தார். பிறகு அவர் கேட்டது மலைச்சாமியின் பாலிசியை அல்ல.

"டீச்சரோட பில்டிங் பாலிசி இருக்கா?"

இருந்தது. மாடி கட்ட லோன் வாங்கியபோது போட்டது. ஆண்டுதோறும் நான்தான் புதுப்பித்து வந்தேன். அதைப் பற்றி நான் யோசிக்காததற்குக் காரணம், அதில் மோதல் சேதம் பற்றி ஒரு ஷரத்து. வாகனமோ விலங்கோ மோதிக் கட்டிடத்துக்குச் சேதம் வந்தால் கம்பெனி கொடுக்கும். ஆனால் அந்த வாகனமோ விலங்கோ ஓனருக்கோ, அந்த வீட்டில் குடியிருப்பவருக்கோ சொந்தமானதாக இருக்கக் கூடாது. மலைச்சாமி அங்கே குடியிருப்பவர், கிடா அவருடையது, ஆகவே வராது என்று நான் வடை தின்னும்போதே முடிவு கட்டியிருந்தேன். (உங்கள் பாலிசியில் வார்த்தை வேறு மாதிரி இருக்கலாம். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.)

சர்வேயர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"பராமரிப்பு வேற, சொந்தம் வேற. ஷரத்து சொந்தத்தைத்தான் கேக்குது. கிடா குடியிருக்கிறவருக்குச் சொந்தமில்ல. சோலார், மெயின் போர்டு, ஒயரிங் எல்லாம் கட்டிடத்தோட சேர்ந்தது. இந்தப் பாலிசியிலயே வரும். கோயில் லெட்டர் ஒண்ணு மட்டும் வாங்கிக் குடுங்க."

பிறகு மலைச்சாமியின் விண்ணப்பத்தை எடுத்து ஆறாவது கேள்வியை வாசித்தார். எனக்கு வண்டியூர்த் தெப்பக்குளம் மைய மண்டபத்தோடு சேர்ந்து சுற்றியது.

"'தங்களுக்குச் சொந்தமான பிராணிகள் உண்டா?' இல்லைன்னு டிக். சரியாத்தானே இருக்கு." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "வாசிச்சுத்தானே டிக் பண்ணீங்க?"

மூன்று நாளாக மலைச்சாமியைப் பொய் சொல்ல வைக்க நான் பட்ட பாட்டில் ஒன்று பலித்திருந்தாலும் கிடா குடியிருப்பவருக்குச் சொந்தம் என்றாகி இந்தப் பாலிசி போயிருக்கும்; இந்த சர்வேயரிடம் அந்தப் பொய்யும் நின்றிருக்காது; டீச்சருக்குப் பணம் வந்திருக்காது. அந்த மனிதர் உண்மையைப் பிடித்துக்கொண்டு நின்றதால், என்னுடைய பொய்கூட உண்மையாகிவிட்டது.

மாசியில் பணம் வந்தது. வீடு பழையபடி ஆயிற்று. ஆர்மோனியம் மட்டும் பாலிசியில் வரவில்லை. அது மினி லாரியில் ஏறுகிற சாமான், டீச்சர் சாமானுக்குப் பாலிசி போட்டிருக்கவில்லை. மலைச்சாமி அதை லேப் மேஜையில் வைத்துப் பிரிக்கிற கருவி மாதிரிப் பிரித்து, ஒவ்வொரு ரீடாகக் காயவைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மறுபடியும் பூட்டினார். ஒரே ஒரு கட்டை மட்டும் இன்றும் கொஞ்சம் கரகரக்கும். டீச்சர் அதை மாற்றச் சொல்லவில்லை. வீடு காலி பண்ணுகிற பேச்சும் எடுக்கவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். கம்பெனி முடிக்க விடவில்லை.

6. ஆதார் கேட்டார்கள்

பங்குனி பிறந்ததும் எங்கள் மேனேஜர் மேடம் கூப்பிட்டார்.

"சேகர், ஹெட் ஆபீஸ்ல ஆதார் கேக்குறாங்க."

"யாருக்கு மேடம்?"

"முனியாண்டிக்கு."

இன்சூரன்ஸில் ரெக்கவரி என்று ஒன்று உண்டு. கஸ்டமருக்கு நட்டத்தைக் கொடுத்த பிறகு, அந்த நட்டத்துக்குக் காரணமானவரிடம் கம்பெனி அதைத் திருப்பிக் கேட்கலாம். சர்வேயர் ரிப்போர்ட்டில் 'விலங்கின் உரிமையாளர்' என்ற கட்டத்தில் ஆலமரத்து முனியாண்டி என்று இருந்தது. சென்னையில் யாரோ ஒரு நல்லவர் அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்து, 'திரு. ஆலமரத்து முனியாண்டி அவர்களுக்கு' என்று பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்.

"மேடம், அது சாமி மேடம்!"

"நானும் சொல்லிட்டேன். வக்கீலைக் கேட்டிருக்காங்க. அவர் சாமியும் சட்டப்படி ஒரு ஆளுதான், சொத்து வச்சிருக்கலாம், கேஸ் போடலாம், அது மேலயும் கேஸ் போடலாம்னுட்டாராம். பான் கார்டு இல்லேன்னா ஃபார்ம் சிக்ஸ்டி வாங்கணுமாம்."

"அதுல யாரு மேடம் கையெழுத்துப் போடுவா?"

"வெளையாடாதீங்க. கிடா என்னோடதுதான்னு அந்தப் பக்கத்திலிருந்து பதினஞ்சு நாளைக்குள்ள பதில் வரணும். வரலைன்னா உரிமையாளர் இல்லைன்னு எடுத்துக்கிட்டு, வளத்தவர்கிட்ட ரெக்கவரி போடச் சொல்லிட்டாங்க."

வளர்த்தவர் மலைச்சாமி. அவர் கையிருப்பு, சம்பளம் எல்லாம் எனக்குத் தெரியும். அத்தனையும் அவர் கட்ட வேண்டி வந்தால் வாடகை கொடுக்க ஏது? மறுபடியும் அந்தப் பத்து வாசல்.

அன்று சாயங்காலமே மலைச்சாமி போன் செய்தார். "அண்ணே, ஊருல பெரியப்பா ஒரு தபாலு வாங்கியிருக்காராம். சாமி பேருக்கு வந்துச்சாம். போஸ்ட்மேன் கையெழுத்துக் கேட்டதுக்கு 'முனியாண்டிக்காக'ன்னு போட்டு வாங்கியிருக்காரு. ஊரே கொதிக்குது. வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயித்துக்கெழமை பொங்கலு. உங்களையும் வரச் சொன்னாங்க."

"யாரு வரச் சொன்னது?"

"சாமின்னுதான் சொன்னாங்க."

7. எல்லை

கிடாவும் நானும் ஒரே மினி லாரியில்தான் போனோம். அது முன்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. நான் பின்பக்கம் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பயணத்தில் எனக்கு ஏதாவது ஆனால் எந்தப் பாலிசியில் வரும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

கம்மாக்கரை, ஆலமரம், வேல்கம்பு, சுற்றிலும் நூறு பொங்கல் பானை. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில். பூசாரி மலைச்சாமியின் பெரியப்பா. பஞ்சாயத்தில் தண்ணீர் டேங்க் ஆபரேட்டராக இருந்தவர்; பேசினால் சாதுவான மனிதர். உறுமி அடிக்கத் தொடங்கியதும் அந்தச் சாது போய்விட்டது. சாமி இறங்கியது. கையில் அருவாளும் இடுப்பில் செருகிய எங்கள் கம்பெனி நோட்டீஸுமாக மூன்று சுற்று சுற்றி வந்து நின்றார்.

"எங்கடா அந்த இன்சூரன்ஸு?"

நான் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் இருந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் நல்ல மனசோடு வழி விட்டார்கள்.

"எம்பேருக்குக் காயிதம் போட்டது எவன்டா?"

"நான் இல்ல சாமி! ஹெட் ஆபீஸு!"

"எங்கன இருக்கான் அவன்?"

"சென்னையில சாமி."

கொஞ்சம் யோசித்தார். "என் எல்லை கம்மாக்கரையோட முடியுது. அவன் தப்பிச்சான்."

எங்கள் கிளைக்கும் அப்படித்தான், மேலூருக்கு அந்தப் பக்கம் வேறு ஆபீஸ் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். கூட்டத்தில் மலைச்சாமியின் முகம் தெரிந்தது. மகளைத் தோளில் வைத்திருந்தார். பதினைந்து நாளில் பதின்மூன்று போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு தாளையும் எடுத்தேன்.

"சாமி, ஒரே ஒரு கேள்வி. ஃபைலுக்கு வேணும். கிடா யாருது?"

உறுமி நின்றுவிட்டது. சாமியைப் பார்த்து ஆதாரம் கேட்ட ஆளை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை போலும். ஒரு கிழவர் என்னைப் பார்த்து, குனிந்து கும்பிடு, குனிந்து கும்பிடு என்று சைகை செய்தார்.

"எங் கிடாடா!" அருவாள் என் மூக்குக்கு முன்னால் நின்றது. "நேந்துவிட்ட அன்னையிலருந்து எங் கிடா! அவன் வளக்கிறவன். அவன்கிட்ட எவனாச்சும் கேட்டு வந்தா நான் பாத்துக்கிறேன்னு எழுது!"

"எழுதியாச்சு சாமி. இங்கன ஒரு கையெழுத்து…"

இருபத்திரண்டு வருடப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சாமி என்னையும் என் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தார். விபூதித் தட்டில் கையை அழுத்தி, தாளை வாங்கி அதன் மேல் ஐந்து விரலும் பதிய ஓங்கி ஒரு அறை அறைந்து என்னிடம் நீட்டினார். கமிட்டித் தலைவர் ஓடி வந்து அதற்குக் கீழே ரப்பர் ஸ்டாம்ப் வைத்தார்.

கிடாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து முன்னால் கொண்டுவந்தார்கள். சாமி அருவாளைத் தாழ்த்திவிட்டார்.

"கேஸ் உள்ள கிடா எனக்கு வேணாம்."

"சாமி?" என்றார் கமிட்டித் தலைவர்.

"கேஸைத் தீத்துட்டுக் கொண்டாங்க. இந்த வருசம் எனக்குச் சேவலு போதும். தீர்ற வரைக்கும்…" அருவாள் கூட்டத்தின் மேல் மெதுவாகச் சுற்றி வந்தது. எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "இவன் வளக்கட்டும்."

8. புது ஆறாவது கேள்வி

விபூதிக் கை பதிந்த பதிலை ஹெட் ஆபீஸ் ஏற்றுக்கொண்டது. உரிமையாளர் ஒப்புக்கொண்டார் என்று பதிவானது. மலைச்சாமி பக்கம் அதற்குப் பிறகு யாரும் திரும்பவில்லை. இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். மாடியில் புது சோலார். அதைச் சுற்றி டீச்சர் கம்பி வேலி போட்டுவிட்டார். கிடாவே இல்லாத மாடிக்கு எதற்கு வேலி என்று கேட்டேன். "உன்னை நம்பித்தானே கிடாவை விட்டிருக்காங்க, எந்நேரமும் திரும்பி வரும்" என்றார்.

அடுத்த ஆண்டு அச்சான படிவத்தில் ஆறாவது கேள்வியை மாற்றியிருந்தார்கள்: 'வீட்டில் பிராணிகள் உண்டா? யாருடையதாக இருந்தாலும் குறிப்பிடவும்.' அந்தக் கடைசி வாக்கியம் இந்தத் தொழிலுக்கு நான் செய்த சேவை.

அந்தப் படிவங்களில் முதலாவதை என் வாடகை வீட்டுக்கே நிரப்பினேன். எல்லாக் கேள்விகளையும் சத்தமாக வாசித்து என் மனைவியிடம் பதில் வாங்கினேன். "கிடா பக்கத்துல நிக்குது, இதையெல்லாம் கேக்கணுமா?" என்றாள். கேட்க வேண்டும். அதைத்தான் இவ்வளவு நீளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள் ரயிலை எல்லா ஸ்டேஷனிலும் நிறுத்துங்கள். கஸ்டமர் சொல்லுகிற பதில் எவ்வளவு கிறுக்குத்தனமாகத் தோன்றினாலும் அப்படியே எழுதுங்கள். நம் மூளையில் தயாராகும் பதிலைவிட அது உறுதியாக நிற்கும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹெட் ஆபீஸிலிருந்து மெயில் வரும்: 'முனியாண்டி ரெக்கவரி எந்த நிலையில் உள்ளது?' இனிமேல் பணம் பெயராது, மூடிவிடலாம் என்று நான் ஒரு வரி எழுதினால் அன்றே மூடிவிடுவார்கள். மூடிய மறுநாள் கிடாவை வெட்டுக்கு ஏற்றிப்போக ஊரிலிருந்து மினி லாரி வந்துவிடும். அதனால், 'பார்ட்டியுடன் பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று பதில் போடுவேன். பொய்யில்லை. தினமும் காலையில் அகத்திக்கீரையைப் போட்டுவிட்டு மொட்டை மாடியில் பார்ட்டியின் ஆளோடு பேசத்தான் செய்கிறேன்.

"இன்னொரு மூணு மாசம் வாங்கிக் குடுத்திருக்கேன்" என்பேன்.

அது என்னைப் பார்க்காது. அதன் கண்ணெல்லாம் பக்கத்து வீட்டு சோலார் மேலேயே இருக்கும்.